வால் தூக்கிய டிராக்டரில் எண்ணெய் அளந்தது

"பேச்சிமுத்துக்குக் குடுத்தீங்க. எனக்கு ஏம்மா குடுக்கல?"

கேட்டவர் ஆவுடையப்பர். எண்ணெய்க்கடை அண்ணாச்சி என்றால் அவர் ஊரில் கைக்குழந்தையும் வீட்டைக் காட்டும். கடையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த உலகம்மையின் மடத்துக்கு வந்து சேர்ந்தவர். வந்த நாள் முதலாய் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, சிவ தீட்சை.

உலகம்மை தொழுவத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார். வயதில் ஆவுடையப்பருக்குத் தங்கையாக இருக்கத் தக்கவர். ஆயினும் மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மை.

"பேச்சிமுத்துகிட்ட என்ன குறையைக் கண்டீரு?"

குறை என்ற சொல் காதில் விழுந்ததும் ஆவுடையப்பரின் முகம் மலர்ந்தது.

"பதிகம் படிக்கையில குறட்டை விடுதான். அதுவும் தாளத்துக்குச் சேராத குறட்டை. திருநீறு பூசுனா நெத்தியில பாதி, மூக்குல பாதி. முன்னால என்ன தொழில் பாத்தான்? ஆட்டுத் தரகு! சந்தையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, விரலைப் பிடிச்சு வெலை பேசுன பய. அவனுக்குத் தீட்சை. எனக்குக் காத்திருப்பு."

"உம்மகிட்ட என்ன குறை?"

ஆவுடையப்பர் நேர்மையான மனிதர். கண்ணை மூடி நெடுநேரம் ஆராய்ந்தார்.

"தேடிப் பாக்கேன், அம்மா. ஒண்ணும் அகப்பட மாட்டேங்குது."

உலகம்மை சாணக்கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

ஆவுடையப்பர் வழியை மறித்து நின்றார். குரல் தாழ்ந்தது.

"இன்னைக்குத் தை அமாவாசை. மத்தியானத்துக்குள்ள வீட்டுல இருந்து வேன் பிடிச்சு வாராங்க. என் சம்சாரம், மச்சினமார், சம்பந்தி வீட்டு ஆளுக, எல்லாரும்."

"எதுக்கு?"

"எனக்குத் தீட்சை ஆகுறதப் பாக்க."

"நான் தாரேன்னு சொன்னேனா?"

"சொல்லல."

"பின்ன?"

"சொல்லிருவீங்கங்கிற நம்பிக்கையில நான் சொல்லிட்டேன். தெரு முழுக்கச் சொல்லிட்டேன், அம்மா. கழுத்துல உருத்திராக்கம் இல்லாம அவங்க முன்னால நின்னேன்னா, பெறவு அந்தத் தெருவுக்குள்ள நான் தலை காட்ட முடியாது."

உலகம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிராக்டர் வாலைத் தூக்கல. ஹைட்ராலிக் எண்ணெய் எப்படி இருக்குன்னு பாரும். கெட்டிருந்தா மாத்தும். அளவு சரியா இருக்கான்னு பாத்துட்டு எங்கிட்டச் சொல்லும். தீட்சையை அப்புறம் பேசுவோம்."

கூடையோடு எருக்குழிப் பக்கம் போய்விட்டார்.

ஆவுடையப்பருக்குச் சிரிப்புத் தாளவில்லை. எண்ணெயாம்! அளவாம்! மீனைக் கூப்பிட்டு நீந்திக் காட்டச் சொன்ன மாதிரி அல்லவா இருக்கிறது இந்தப் பரீட்சை!

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புக்கு நடந்தார்.

மடத்து டிராக்டர் சின்னது. தென்னை வரிசைகளுக்கு நடுவே இடிக்காமல் நுழைந்து வரும். பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரைப் பூட்டியிருப்பார்கள். அதைத் தூக்குவதும் இறக்குவதும் எண்ணெயின் வேலை. சில நாளாய் அது தூக்க மறுத்தது. கல்யாணப் பந்தியில் மூக்கு முட்டச் சாப்பிட்டவன் எழுந்திருப்பதுபோல் முனகும், பாதி எழும்பும், மறுபடி படுத்துக்கொள்ளும்.

டிராக்டரின் இருக்கையில் பேச்சிமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினான். வண்டியை ஓட்டுகிறவன் அவன்தான்.

"எந்திரியும் வே!"

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தீட்சை வாங்குனவனை வே போட்டுக் கூப்பிடலாமா, அண்ணாச்சி?"

சுருக்கென்றது ஆவுடையப்பருக்கு. விழுங்கிக்கொண்டார்.

"எண்ணெய் பாக்கணும். அம்மை உத்தரவு."

பேச்சிமுத்து இறங்கினான். இருக்கைக்குப் பின்னால் எண்ணெய் ஊற்றும் வாய் இருந்தது. அதன் மூடியிலேயே அளவுக் குச்சி. குச்சியில் இரண்டு கோடுகள். எண்ணெய் அந்த இரண்டுக்கும் நடுவே நிற்கவேண்டும் என்பது வழக்கம்.

ஆவுடையப்பர் பயபக்தியோடு குச்சியை உருவினார். உருவியவர் அப்படியே நின்றுவிட்டார்.

குச்சியில் வெள்ளை வெளேரென்று ஒட்டியிருந்தது, பால் கூடிப்போன தேநீர்போல.

"பேச்சிமுத்து! அற்புதம் வே! எண்ணெய் பாலா மாறிட்டு! தை அமாவாசையும் அதுவுமா, என் கையால தொட்ட நேரம் பாத்து..."

குச்சியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார்.

"ஒத்தாதீங்க, கண்ணு எரியும். அது தண்ணி."

"மூடி போட்ட வண்டிக்குள்ள தண்ணி எப்படி வே போகும்?"

"நீங்கதானே ஊத்துனீங்க?"

"நானா?"

"ஆயுத பூசைக்கு வண்டிக்கு அபிஷேகம் பண்ணீங்கல்லா? மேல ஊத்துனா மட்டும் போதாது, சாமி உள்ளேயும் குளிரணும்னு இந்த மூடியைக் கழத்தி ஒரு சொம்பு ஊத்துனீங்க. நான் வேண்டாம்னேன். 'ஆட்டுத் தரகனுக்கு ஆகமம் தெரியுமா'ன்னு கேட்டீங்க."

ஆவுடையப்பர் குச்சியை முகர்ந்து பார்த்தார். பிறகு நியாயம் தம் பக்கம் இருப்பதை உணர்ந்தார்.

"அது தண்ணி இல்ல வே. இளநீர்."

எண்ணெயை வடிப்பதென்று முடிவாயிற்று. ஆவுடையப்பர் தமது பெட்டியைத் திறந்து ஒரு பித்தளைப் படியை எடுத்துவந்தார். கடையை விட்டு வந்தபோது அவர் விடாமல் கொண்டுவந்த ஒரே சொத்து. உலகைத் துறந்தாலும் அளவைத் துறக்கலாகாது என்பது அவருடைய கொள்கை.

வண்டிக்கு அடியில் படுத்து, அடிப்பக்கத்து போல்ட்டைக் கழற்றினார். வெள்ளை எண்ணெய், அடியில் வைத்த தொட்டியில் இறங்கிற்று. இறங்கியதைப் படியால் முகந்து தகரத்தில் ஊற்றலானார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

வியாபாரிகள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். முதல் அளவு லாபம்.

"கழிவு எண்ணெயில என்ன அண்ணாச்சி லாபம்?"

"வாயைக் கழுவும் வே. அளக்குற கைக்கு எல்லாம் எண்ணெய்தான்."

சல்லடை வடிகட்டியை டீசலில் கழுவினார்கள். ஓட்டைகளில் அடைத்திருந்த பிசினைப் பேச்சிமுத்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தான். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கினார்கள். புது எண்ணெய் தகரத்தைத் திறந்ததும் ஆவுடையப்பர், பழக்கதோஷத்தால், ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நாக்கிலும் வைத்துவிட்டார்.

தூவென்று துப்பினார்.

"எப்படி இருக்கு?"

"கடலையும் இல்ல, எள்ளும் இல்ல. கலப்படம் இல்ல. அம்புட்டுத்தான் சொல்ல முடியும்."

வடித்த அளவு எதுவோ அதே அளவை, அதே படியால், சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். லாபத்தில் தொடங்கி முறையாக முடித்தார். அந்தக் கை நடுங்காத அழகைப் பார்த்துப் பேச்சிமுத்துவே 'அடேயப்பா' என்றான்.

"வண்டியை எடும் வே."

இஞ்சின் உறுமிற்று. பேச்சிமுத்து லிஃப்ட் கம்பியை மேலே தள்ளினான்.

ரோட்டவேட்டர் எழுந்தது. முனகலில்லை, தயக்கமில்லை. மேகம் கண்ட மயில் தோகையைத் தூக்குவதுபோல் ஒய்யாரமாய் எழுந்து, உயரத்தில் நின்றது.

ஆவுடையப்பர் கைதட்டினார். கண்ணில் நீரே வந்துவிட்டது. உருத்திராக்கம் கழுத்தில் விழுந்துவிட்டது போலவே இருந்தது அவருக்கு.

"நிறுத்தும். அளவைப் பாத்து அம்மைகிட்டச் சொல்லிருவோம். வேன் வந்துரும்."

இஞ்சின் நின்றது. பேச்சிமுத்து லிஃப்ட் கம்பியில் கை வைத்தான்.

"என்ன செய்யுதீரு?"

"கீழே இறக்குதேன். நிறுத்துனா இறக்கிப் போடுறதுதானே வழக்கம்?"

"கையை எடும் வே! இன்னைக்கு அமாவாசை. ஏர் மண்ணைத் தொடலாமா? எங்க அப்பா காலத்துல அமாவாசைன்னா கலப்பையைச் சுவத்துல சாத்தி வெச்சிருவாங்க. பூமி ஓய்வெடுக்கிற நாளு."

"காலையில மண்ணுல தானே கெடந்துச்சு?"

"அது தானாக் கெடந்துச்சு. இப்ப இறக்குனா நாம இறக்குனதா ஆகும். பாவம் நம்ம பேருல விழும். தீட்சை வாங்குன உமக்கு இதுகூடத் தெரியாதா?"

பேச்சிமுத்து கையை எடுத்துவிட்டான். அவனுக்கு எப்போதும் வாக்குவாதத்தைவிடத் தூக்கம் பிடிக்கும்.

ஆவுடையப்பர் டிராக்டரின் மேலேறி நின்று, குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு, உருவினார்.

கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது எண்ணெய்.

மறுபடி துடைத்தார். மறுபடி விட்டார். மறுபடி உருவினார்.

அதே கதை.

அவர் நெற்றி சுருங்கிற்று. வடித்த அளவுதான் ஊற்றினார். ஊற்றியது அவர் கை. அந்தக் கை தவறு செய்ததில்லை. அடியில் குனிந்து பார்த்தார், ஒழுக்கு இல்லை. அப்படியானால்?

மெள்ளத் தலையைத் திருப்பினார்.

"பேச்சிமுத்து."

"ம்."

"எண்ணெயை எங்கே வே வெச்சிருக்கீரு?"

"எந்த எண்ணெய்?"

"ஊத்துன எண்ணெய் உள்ளே இல்ல. அளந்து ஊத்துனவன் நான். அப்ப நடுவுல யாரோ கை வெச்சிருக்கணும். இங்கே ரெண்டு பேருதான் இருக்கோம். நான் இல்ல."

பேச்சிமுத்துவின் தூக்கம் கலைந்துவிட்டது.

"வண்டிக்குள்ள ஊத்துன எண்ணெயை நான் எப்படி அண்ணாச்சி எடுப்பேன்? உறிஞ்சிக் குடிச்சனா? வந்து என் வாயை மோந்து பாருங்க!"

"சந்தையில துண்டுக்குள்ள வெலை பேசுன ஆளு. உம்ம கையும் வாயும் எப்ப என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்?"

பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தென்னைமரத்தடியில் போய் உட்கார்ந்தான். இந்த முறை கண்ணை மூடவில்லை.

ஆவுடையப்பருக்கு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை. சாலைப் பக்கம் காது வைத்தபடியே தகரத்தைச் சாய்த்தார். ஊற்றினார், அளந்தார். ஊற்றினார், அளந்தார். ஒருவழியாக எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டது.

தொட்டதும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாழ்நாளெல்லாம் எண்ணெய் விற்றவர். அளவோடு நிறுத்தினால் வாங்குகிறவன் முகம் வாடும். ஆகவே கையை ஒரு வெட்டு வெட்டி, தாராளமாகக் கொசுறும் ஊற்றினார்.

அப்போது உலகம்மை வரப்பின் மேல் வந்துகொண்டிருந்தார்.

"அளந்தீரா?"

"அளந்தேன், அம்மா. அளவுக்குக் குறையல. கொசுறும் போட்டிருக்கேன். ஆனா..." குரலை உயர்த்தினார், மரத்தடிக்கும் கேட்கவேண்டுமல்லவா? "ஒரு சங்கதி சொல்லணும். ஊத்துன எண்ணெயில பாதி காணாமப் போயிட்டு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். பேரு 'பே'யில தொடங்கும்."

உலகம்மை மரத்தடியைப் பார்த்தார். பேச்சிமுத்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டிராக்டரைப் பார்த்தார். வானத்தில் வால் தூக்கி நின்ற ரோட்டவேட்டரையும் பார்த்தார்.

"எண்ணெய் எங்கேன்னு பாப்போமா?"

"உள்ளே எட்டிப் பாத்துட்டேன், அம்மா. இல்ல."

"இன்னொரு தடவ எட்டிப் பாரும்."

ஆவுடையப்பர் குனிந்து, எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு கண்ணைப் பதித்தார்.

உலகம்மை லிஃப்ட் கம்பியைக் கீழே தள்ளினார்.

ரோட்டவேட்டர் புஸ்ஸென்று இறங்கி, அமாவாசை மண்ணில் அமர்ந்தது.

உள்ளே ஏதோ களுக்கென்றது. அடுத்த கணம் எண்ணெய் மழைக்காலக் கிணறுபோல் மேலேறி வந்து, குபுகுபுவென்று வெளியே பொங்கிற்று. ஆவுடையப்பரின் கண்ணில், மூக்கில், மீசையில், மார்பில், இன்றைக்கென்று பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிய சலவை வேட்டியில், ஓரவஞ்சனை இல்லாமல் வழிந்தது.

"அம்மா! எங்கிருந்து வருது இது?"

"எங்கேயும் போகலய்யா. அவ்வளவும் மேல ஏறிப் பாரத்தைத் தாங்கிக்கிட்டு நின்னுது. இறக்கி வெச்சாத்தான் அளவு தெரியும்."

ஆவுடையப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோட்டவேட்டரைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். கையிலிருந்த காலித் தகரத்தைப் பார்த்தார். அவருடைய வாய் 'லாபம்' என்று சொல்லப் போவதுபோல் திறந்தபடி நின்றது.

யாரோ அவர் காலடியில் குனிந்தார்கள். பேச்சிமுத்து. எண்ணெய் தென்னை வேரில் இறங்காதபடி, வழிகிற இடத்தில் தொட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தான். வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே நீட்டினான்.

"மூஞ்சியைத் துடைங்க, அண்ணாச்சி. எரியும்."

அந்நேரம் பார்த்துத்தானா வேன் வரவேண்டும்!

தோப்பு வாசலில் ஹாரன் அலறிற்று. கதவு திறந்தது. மாலைகள் இறங்கின, பழத்தட்டுகள் இறங்கின, மச்சினமாரும் சம்பந்திகளும் இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஆவுடையப்பரின் மனைவி பகவதி வந்தாள். வந்தவள் தேரடிப் பூதம்போல் டிராக்டரின் மேல் நின்ற உருவத்தைக் கண்டு திகைத்தாள்.

"யாரது, நம்ம ஆளா? ஏ அய்யா, தீட்சைன்னா எண்ணெய்க் காப்பா? எண்ணெய்ப் பிசுக்கு இனிமே கெடையாதுன்னுல்லா கடையை விட்டு அனுப்பி வெச்சேன்!"

கூட்டம் சிரித்தது. சம்பந்தி மட்டும் மரியாதைக்காகத் தென்னை உச்சியைப் பார்த்தார்.

உலகம்மை கையெடுத்துக் கும்பிட்டு எல்லோரையும் வரவேற்றார். பிறகு மடியிலிருந்து ஓர் உருத்திராக்க மாலையை எடுத்தார்.

ஆவுடையப்பர் கேட்டது அதுதான். அவர் தெரு முழுக்கச் சொல்லிவைத்ததும் அதுதான். இதோ, கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கிற்று.

"ஆவுடையப்பரே. பேச்சிமுத்துகிட்ட குறை இருக்குன்னு காலையில சொன்னீரு. இப்பவும் ஒண்ணு சொன்னீரு. உம்ம சனம் எல்லாம் நிக்காங்க. அளவு சுத்தமான ஆளு நீரு. அவன்கிட்ட எம்புட்டுக் குறையுதுன்னு அளந்து சொல்லும். சொல்லிட்டு இதை வாங்கிக்கும்."

சொல்வதற்கு என்ன பஞ்சம்? குறட்டை இருந்தது. மூக்குத் திருநீறு இருந்தது. ஆட்டுச் சந்தை இருந்தது. நாக்கு நுனியில் மூன்றும் வரிசையாக நின்றன. பகவதி கண்ணாலேயே 'சொல்லித் தொலையும்' என்றாள். பெரிய மச்சினன் பூமாலையைப் பிரித்துத் தயாராகப் பிடித்தான்.

பேச்சிமுத்து எதிரே நின்றான். நீட்டிய துண்டு இன்னும் நீட்டியபடியே இருந்தது.

ஆவுடையப்பர் அவனைப் பார்த்தார். டிராக்டரின் மேலிருந்து பார்த்தபோது அவனுடைய வழுக்கைத் தலைதான் தெரிந்தது.

அவர் வண்டியின் படியில் கால் வைத்தார். எண்ணெய் வழுக்கிற்று. பிடித்துக்கொண்டு இறங்கினார். தரையில் நின்று பார்த்தார். போதவில்லை போலும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்தார். சலவை வேட்டியில் எண்ணெயோடு மண்ணும் சேர்ந்தது. அங்கிருந்து பேச்சிமுத்துவின் முகத்தை அண்ணாந்து பார்த்தார்.

நெடுநேரம் பார்த்தார்.

"என்னய்யா?" என்றார் உலகம்மை. "எம்புட்டு?"

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றார் ஆவுடையப்பர். "இன்னும் முழுக்க இறங்கல."

பகவதிக்குப் பொறுக்கவில்லை. "அதான் தரையில உக்காந்தாச்சே! இதுக்கு மேல எங்கே இறங்கணும், குழி வெட்டவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடையப்பரும் சிரித்துவிட்டார். பேச்சிமுத்து நீட்டிய துண்டை அப்போதுதான் வாங்கினார்.

உலகம்மை குனிந்து, அந்த எண்ணெய்க் கழுத்தில் உருத்திராக்கத்தைப் போட்டார்.

மச்சினமார் குலவையிட ஆள் தேடினார்கள். சம்பந்தி பழத்தட்டோடு முன்னே வந்தார். ஆவுடையப்பர் மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. பேச்சிமுத்துவை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை.

பகவதி உலகம்மையின் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அம்மா, வேன்காரன் அவசரப்படுதான். இவரு முழுக்க இறங்க எம்புட்டு நேரமாகும்?"

"எனக்கு எப்படித் தெரியும், தாயி?" என்றார் உலகம்மை. "நானே இன்னும் இறங்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."